பைனாகுலருக்கு ஒரு கூறு

எங்கள் ஊர்ப் பன்றி வேட்டையில் கறி பிரிக்க ஒரு முறை உண்டு. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற அருளானந்து மாமாவுக்குத் தலையும் ஒரு தொடையும். புதரைத் தட்டிப் பன்றியைக் கலைக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கூறு. நாய்க்கும் ஒரு கூறு, அது மனுசக் கூறுக்கு எள்ளளவும் குறையாது. ஆக, நாய் வளர்க்கிற மலைக்கண்ணு வீட்டுக்கு இரண்டு கூறு போகும். சேவுகப்பெருமாள் அண்ணனுக்குப் பல வருசமாக இதுதான் வயிற்றெரிச்சல்.

நாய் வாங்கலாம் என்றால் அதற்குச் சோறு போட வேண்டும். துப்பாக்கி வாங்கலாம் என்றால் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். சோறும் தின்னக் கூடாது, லைசென்சும் கேட்கக் கூடாது, கூறு மட்டும் வாங்கித் தர வேண்டும். அப்படி ஒன்றைத் தேடி மதுரைக்குப் போனவர், கழுத்தில் ஒரு பழைய பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

அது வந்த பிறகு நடந்த முதல் வேட்டை இது. கண்மாய்க்கரை ஓரம் பன்றி கிடக்கிறது. பனையோலை விரித்தாயிற்று. மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, தனக்கு ஒரு கூறு, கழுத்தில் தொங்குகிற கண்ணாடிக்கு ஒரு கூறு என்றார்.

எனக்குப் பகீரென்றது. பட்டாளத்திலிருந்து மச்சினன் லீவில் வந்திருந்தான். வீட்டில் மசாலா அரைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு கூறு கூடினால் என் கூறுதானே சுருங்கும்? அந்தக் கடுப்பில், அப்படி என்னதான் செய்தது உங்கள் கண்ணாடி என்று கேட்டுத் தொலைத்தேன்.

அண்ணன் கதையை மதுரைக் கடையிலிருந்தே தொடங்கினார். அங்கே மூன்று கண்ணாடி இருந்ததாம். முதலாவது முந்நூறு ரூபாய், தூக்கினாலே கழுத்து இற்றுப்போகிற கனம். கண்ணில் வைத்தால் மேற்குமலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துக் காட்டில் யானை நின்று மூங்கில் தின்கிறதாம்.

"யானையச் சுட நம்ம மாமாகிட்ட லைசென்சு இருக்கா? சுட முடியாததப் பாக்கிறதுக்கு எதுக்கு முந்நூறு ரூவா? கீழ வையிய்யான்னுட்டேன்."

இரண்டாவது நூற்றைம்பது. அதில் தெரிந்த பன்றி அளவுக்கு மீறிக் கிட்டத்தில் வந்து, அதன் மயிர் குத்திக் கண்ணில் நீர் கொட்டியதாம். மூன்றாவது முப்பதே ரூபாய். ஒரு குழாயில் கீறல், வாருக்குப் பதில் சணல்.

"ஆனா தம்பி, நம்ம தாலுகாவத் தாண்டி ஒரு அடி காட்டாது. நம்ம வசதிக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி."

சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினீர்களா என்றான் மலைக்கண்ணு. பார்க்காமலா? கடை வாசலில் நின்றபடியே நம் ஊர்ப் பக்கம் திருப்பினாராம். நேராக அவர் வீட்டு அடுப்படி தெரிந்ததாம். மீன் குழம்பு கொதிக்கிறது. போட்ட உப்பையே மறுபடி போடப் போகிறாள் அவர் மனைவி. மதுரையில் நின்றே "போதும்டி" என்று கத்தினாராம்.

"மதினிக்குக் கேட்டுச்சாண்ணே?"

"பக்கத்துல நின்னு சொன்னாலே கேக்க மாட்டா. மதுரையில இருந்து சொன்னாக் கேப்பாளா?"

இந்த ஒன்றை மட்டும் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

சரி, இன்றைய வேட்டைக்கு வாருங்கள் என்றேன். காலையில் நடந்தது எங்களுக்குத் தெரியும். மலைக்கண்ணுவின் நாய் கருவேலங்காட்டுக்குள் மோப்பம் பிடித்தது. நாங்கள் தகரம் தட்டிக் கலைத்தோம். மாமா ஒரே குண்டில் சாய்த்தார். அந்நேரம் அண்ணன் புளியமரக் கிளையில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையோ வேறு.

"கண்ணுல வச்சேன். மூஞ்சிக்கு நேரா நிக்குது. அது தின்ன கோரைக்கிழங்கு வாசம் எனக்கு அடிக்குது. ஒரே பாய்ச்சல். நான் அசரலையே. கண்ணாடியத் திருப்பிப் பிடிச்சேன். திருப்பிப் பிடிச்சா எல்லாம் தூரமாப் போயிரும்ல? பன்னி ரெண்டு மைலுக்கு அங்கிட்டுப் போயி நிக்குது."

அது விடுமா? மறுபடியும் ஓடி வந்ததாம். இவரும் மறுபடி திருப்பினாராம். இப்படி ஒன்பது தடவை. பதினெட்டு மைல் ஓடிய பன்றி நாக்குத் தள்ளிப்போய் கருவேலங்காட்டில் விழுந்ததாம். நாய் குரைத்தது அதன் குறட்டையைக் கேட்டுத்தானாம். மாமா சுட்டது சும்மா ஒரு மரியாதைக்காம்.

அப்படியானால் நெற்றியில் இருக்கிற ஓட்டை என்ன என்று மலைக்கண்ணு விடாமல் கேட்டான்.

"பதினெட்டு மைலு ஓடி வந்த சீவன்டா. குண்டு வருதுன்னு தெரிஞ்சும் தலைய நகட்டத் தெம்பில்ல."

நியாயப்படி பார்த்தால் தலையும் தொடையும் தனக்கும் கண்ணாடிக்கும்தான் சேர வேண்டும் என்றும், மாமா முகத்துக்காக விட்டுக்கொடுப்பதாகவும் சொல்லி முடித்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மாமா தீட்டிய கத்தியோடு பன்றி பக்கத்தில் உட்கார்ந்தார். தலையையும் தன் தொடையையும் எடுத்து வைத்துவிட்டு, ஆட்களுக்கும் நாய்க்கும் வழக்கம்போலக் கூறு போட்டார். என் கூறில் மற்றத் தொடையிலிருந்து ஒரு நல்ல துண்டு விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கடைசியாகத் தன் பங்குத் தலையின் காதோரத்திலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துணுக்கை நறுக்கித் தனி ஓலையில் வைத்தார்.

"இது கண்ணாடிக்கு."

"என்ன மாமா, இவ்வளவுதானா?"

"வெறுங்கண்ணால பாத்தா அப்படித்தான்ப்பா இருக்கும். உன் கண்ணாடியில பாரு. அப்பவும் சின்னதாத் தெரிஞ்சா இன்னும் வெட்டிப் போடுறேன்."

நாங்கள் எல்லோரும் அண்ணன் முகத்தையே பார்த்தோம். சின்னது என்று சொன்னால் கண்ணாடி ஓட்டைக் கண்ணாடி. பெரியது என்று சொன்னால் மேற்கொண்டு கேட்க வாயில்லை. அவர் நிதானமாகக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். ஓலையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இத ஒத்தை ஆளாத் தூக்க முடியாது. அந்தப் பக்கம் ஒரு கை பிடி."