டேக்கைப் பங்கு போட்டவர்கள்

ஊசிக்கண்மாய் என்று ஓர் ஊர். கடவுள் புத்தி கொடுக்க வந்த அன்று ஊரே பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தது என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொள்வார்கள். எல்லாம் பொறாமை.

அந்த ஊர்ச் சுருளிக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தாய்மாமன் வீரணன் தன் மகள் பேச்சியைத் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. "வேலைன்னு ஒண்ணைப் பிடிச்சிட்டு வா மாப்ள, அன்னைக்கே நாள் குறிச்சிருவோம்" என்றுதான் சொன்னார். அந்தக் கவலையில் சுருளிக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது. பாவம், பகலில்தான் தூங்கினான்.

மலையடிவாரத்துப் பழைய பங்களாவை வடக்கத்தி அம்மா ஒருவர் வாங்கியிருந்தார். காவலுக்கு ஆள் தேவையாம். அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, இங்கிலீஷ்தான். சுருளி ஓடிப்போய்க் கண்டக்டர் அருளப்பனின் பஸ்ஸை மறித்தான். சுற்றுவட்டாரத்தில் இங்கிலீஷில் திட்டக்கூடிய ஒரே ஆள் அவர்.

"பூராத்தையும் படிக்க உனக்கு ஆயுசு பத்தாது. 'டேக்'னு ஒரு சொல்லு, அதை மட்டும் பிடிச்சுக்க" என்றார் அருளப்பன். "குடுத்ததை வாங்கிக்கிறதும் டேக், மாத்திரை முழுங்குறதும் டேக். குளிக்கிறதுக்கும் அதான், செத்த நேரம் படுக்குறதுக்கும் அதான். வழிய விடு, ரைட்!"

சுருளி இதைக் கூட்டாளிகள் மூவரிடமும் சொன்னான். பொம்மையன் பதறிவிட்டான்.

"ஒரு தலைக்குள்ள நாலு அர்த்தமா? மண்டை வெடிச்சுப்போச்சுன்னா மாலையை எங்கடா போடுறது?"

ஒச்சு நெடுநேரம் யோசித்தான். அந்த ஊரில் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துத்தான் வயலுக்குப் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு ஒருத்தர் வயல், நாளைக்கு அடுத்தவர் வயல். முறை மாறி மடை திறந்தவனுக்கு ஊரில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

"அர்த்தம் நாலு, நாமளும் நாலு பேரு" என்றான் ஒச்சு. "ஆளுக்கு ஒண்ணா முறை வச்சுக்குவோம். அந்தம்மா டேக்னு சொன்னா யாரு முறையோ அவன் தன் வேலையைச் செய்யணும். அடுத்தவன் தொடப்படாது."

நியாயமாகத்தான் பட்டது. ஒச்சுவுக்குக் குளியல், பொம்மையனுக்குப் படுக்கை, மாயாண்டிக்கு முழுங்கல். சுருளிக்கு வாங்கிக்கொள்வது. நால்வரும் சேர்ந்தே பங்களாவுக்குப் போனார்கள்.

அந்த அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் இருந்த பெட்டியை நீட்டி, "டேக்" என்றார்.

ஒச்சு ஓடிப்போய்த் தாமரைத் தொட்டிக்குள் குதித்து அக்குள் தேய்க்க ஆரம்பித்தான்.

அம்மா திகைத்துப்போனார். பெட்டியை இன்னும் கொஞ்சம் நீட்டி, "டேக்!" என்றார் சத்தமாக. பொம்மையன் துண்டை உதறி விரித்து அவர் காலடியிலேயே படுத்தான். படுத்த வேகத்தில் குறட்டை வந்தது. கடமை என்று வந்துவிட்டால் பொம்மையன் அப்படித்தான்.

அம்மா பெட்டியைக் கீழே போட்டார். மிச்சமிருந்த இருவரில் சுருளி முகம் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்ததோ என்னவோ, பங்களாச் சாவியை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"டேக்."

சாவியைக் கொடுத்தால் வேலையைக் கொடுத்த மாதிரிதானே! கை தானாக நீண்டது. மாயாண்டி அந்தக் கையைப் பிடித்தான்.

"என் முறைடா."

"மாயாண்டி, இது ஒண்ணை மட்டும் விட்டுக்குடுடா. பேச்சி காத்துக்கிட்டு இருக்கா."

"நட்பு வேற, முறை வேற. உங்கப்பன் முறையில எங்கப்பன் என்னைக்காச்சும் மடை திறந்தாரா?"

சுருளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். மாயாண்டி சாவியை வாங்கி, கண்ணை மூடி, முழுங்கிவிட்டான்.

அம்மா போட்ட கூச்சலில் ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. அருளப்பன் இறங்கி ஓடிவந்தார். அவரும் அம்மாவும் அரைமணி நேரம் பேசினார்கள். மாற்றுச் சாவி கிடையாது. தேக்குக் கதவை உடைக்க அம்மாவுக்கு மனசில்லை. கடைசியில் அருளப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு சுருளியிடம் வந்தார்.

"பங்களாவுக்குள்ள போக முடியாதப்போ அதுக்கு எதுக்குக் காவல்? சாவி வர்ற வரைக்கும் இந்தப் பயலைக் காவல் காக்கணுமாம். அதான் உன் வேலை."

சுருளி அழுதே விட்டான், சந்தோஷத்தில். வீரணனும் சொன்ன சொல் தவறாமல் நாள் குறித்தார். அதோடு நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் வந்து, "மாயாண்டி, போயிருச்சா?" என்று விசாரிப்பார். "இல்லை மாமா" என்றால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். மாப்பிள்ளையின் உத்தியோகமாயிற்றே. வயிறு நன்றாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று மாயாண்டிக்குக் கொட்டையோடு கொய்யாப்பழமாக வாங்கிக் கொடுத்தார்.

கல்யாண நாள் வந்தது. சுருளி மணவறையில் உட்கார்ந்துவிட்டான். பேச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது பார்த்துப் பந்தலுக்குப் பின்னாலிருந்து மாயாண்டி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. கையில் சாவி.

"எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன்டா" என்றான்.

மேளம் நின்றது. வீரணன் எழுந்துவிட்டார்.

"அப்ப மாப்ளைக்கு வேலை போச்சா? வேலையில்லாத ஆளுக்கு எப்படிப்பா பொண்ணைக் குடுக்குறது?"

சுருளி பேச்சியைப் பார்த்தான். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. மாயாண்டி அந்த இரண்டு முகத்தையும் பார்த்தான். முறை யாருடையது என்றுகூட அவன் யோசிக்கவில்லை. சொம்புத் தண்ணீரில் சாவியை நன்றாகக் கழுவினான், வாயைத் திறந்தான், மறுபடியும் முழுங்கினான்.

வீரணன் நிம்மதியாக உட்கார்ந்தார்.

"கெட்டிமேளம் கொட்டச் சொல்லுங்கப்பா. மாப்ளைக்கு வேலை நிரந்தரமாயிருச்சு!"