யார் வீட்டு ஈ?

மொச்சிகுளத்தில் புத்திக்குப் பஞ்சம் வந்த வருஷம் எது என்று யாருக்கும் நினைவில்லை. வந்த பஞ்சம் வெயிலுவந்தான் வீட்டிலேயே தங்கிவிட்டது என்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும். வெயிலுவந்தானுக்கு ஊர்க்காவலன், மாடக்கண்ணு என்று இரண்டு தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து அறுபது செம்மறி. அதில் ஒன்று செவலைக் கிடாய்.

வெயிலுவந்தானுக்கு வயது முப்பத்தாறு ஆகியும் கல்யாணம் கூடிவரவில்லை. ஓடைக்கு அக்கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பலவேசம் தன் மகள் சீனியம்மாளைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வந்து ஆட்டப் பாப்பேன். ஆட்ட ஈ மொய்க்க விடுதவன் பொண்டாட்டிய எப்படிப் பாத்துக்கிடுவான்?"

சீனியம்மாளைக் கோயில் கொடையில் ஒரே ஒரு தடவை பார்த்ததிலிருந்து வெயிலுவந்தானுக்குக் கஞ்சி இறங்கவில்லை. இப்போது தண்ணீரும் இறங்கவில்லை. செவலை எங்கேயோ முட்டிக் கொம்படியில் காயம் பட்டு வந்திருந்தது. அதன்மேல் ஈ அப்பிக் கிடந்தது.

புதன்கிழமை மூவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "வேப்பெண்ணெயில கற்பூரத்தப் பொடிச்சுப் போட்டு, ஈ உக்காருத இடத்துல எல்லாம் தடவுங்க" என்றார் கம்பவுண்டர்.

எண்ணெய் தயாரானது. கையை ஓங்கியதும் கிடாய்மேல் இருந்த ஈ எழுந்து தண்ணீர்க் குடத்தில் உட்கார்ந்தது. குடத்தில் தடவினார்கள். அங்கிருந்து கயிற்றுக் கட்டிலுக்குப் போனது. கட்டிலில் தடவினார்கள். பிறகு அது ஊர்க்காவலன் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"அசையாம இருலே. இதுவும் ஈ உக்காந்த இடம்தான்."

"தடவுண்ணே. ஒனக்குக் கல்யாணம் ஆவணும்னா மூக்கு என்ன மூக்கு!"

சாயங்காலத்துக்குள் அரைப்படி எண்ணெய் தீர்ந்தது. செவலையைத் தவிர எல்லாம் கமகமவென்று மணத்தது.

வியாழக்கிழமை கடையில் ஈ மருந்துப் புட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் ஊர்க்காவலன் ஒருவன்தான்.

"காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது."

"யாரு? நாமளா, கிடாயா?" என்று கேட்டான் வெயிலுவந்தான்.

மூவரும் வெகுநேரம் யோசித்து, யாருமே நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கென்று காற்று நாலு பக்கமும் மாறி மாறி அடித்தது. காற்று திரும்பும்போதெல்லாம் கிடாயையும் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். பன்னிரண்டாவது சுற்றில் செவலை தலை கிறுகிறுத்துப் படுத்துவிட்டது. அதன்பிறகுதான் மருந்து அதன்மேல் விழுந்தது.

"புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று மேலே வாசித்தான் ஊர்க்காவலன்.

"வீட்டுல குழந்தை இல்லையேண்ணே?" என்றான் மாடக்கண்ணு.

"அதுக்குத்தானலே கல்யாணம். குழந்தை பொறந்து, அதுக்கு எம்புட்டு எட்டுதுன்னு பாத்துட்டு வைப்போம். அதுவரைக்கும் கையில வச்சுக்கோ" என்றான் வெயிலுவந்தான்.

வெள்ளிக்கிழமை பலவேசம் வந்தார். செவலையின் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஓர் ஈ இல்லை.

"பொண்ணு ஒனக்குத்தான்" என்றார். வெயிலுவந்தானுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஆனா பாரு, நேத்து சாயந்தரத்துலேருந்து என் கிடையிலதான் ஈ தாங்கல. எங்கேருந்து வந்துச்சோ!" என்று பலவேசம் அலுத்துக்கொண்டார்.

அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்தவர் கிடையில் தன் ஆட்டு உருப்படி புகுந்தால் தானே போய்ப் பிரித்து ஓட்டி வருவதுதான் ஆட்டுக்காரர்களுக்கு மரியாதை. சொன்னால் பெண் கைநழுவிப் போகும். இருந்தாலும் வெயிலுவந்தான் சொல்லிவிட்டான்.

"மாமா, அது நம்ம ஈ. மன்னிச்சிக்கிடணும். இப்பவே பிரிச்சுக் கூட்டியாந்திருதோம்."

"எது ஒங்க ஈன்னு அடையாளம் தெரியுமா?" என்று பலவேசம் கவலையோடு கேட்டார்.

"மொத்தம் நாப்பது உருப்படி. மொகம் தெரியாமலா போவும்?" என்றான் மாடக்கண்ணு.

செவலையைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து வாடை போகத் தேய்த்து, மேலெல்லாம் கருப்பட்டிப் பாகு பூசி, பலவேசத்தின் கிடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டி வந்தார்கள். ஈக்கள் பின்னாலேயே வந்தன. ஓடைக்கரையில் குந்தியிருந்த மாடக்கண்ணு இரண்டிரண்டாக எண்ணினான். அவன் முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, நாப்பத்தொண்ணு இருக்கு."

வெயிலுவந்தான் பதறிப்போனான். கூடுதலாக வந்த ஈயைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு பலவேசத்தின் முன்னால் போய் நின்றான்.

"மாமா, ஒங்க ஈ ஒண்ணு தெரியாம எங்களோட வந்துட்டு."

பலவேசம் விரலிடுக்கு வழியாக உள்ளே உற்றுப் பார்த்தார்.

"எங்க ஈயேதான்" என்றார். "இம்புட்டு நேர்மையான பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கக் குடுத்து வச்சிருக்கணும். அத நீங்களே வச்சுக்கிடுங்க மாப்ளே. சீனியம்மா சீரோட சேந்ததா இருக்கட்டும்."

நெகிழ்ந்துபோன வெயிலுவந்தான் இரண்டு கையையும் இறுகச் சேர்த்து மாமனாரைக் கும்பிட்டான்.

பெண் வீட்டில் இப்படித் திடீரென்று ஒரு சாவு விழுந்துவிட்டதால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே கல்யாணத்தை வைத்துக்கொள்வது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.