ஏரிக்குள் இறங்கி உட்கார்ந்த ஆள்காட்டிக் குருவி

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. மற்றப் பறவைகளைப் போல அதுவும் மரத்தில்தான் கூடு கட்டியது. ஓர் ஏரிக்குள் நின்ற கருவேல மரத்தில் ஒரு பெண் குருவி குடியிருந்தது.

மூன்று வருடம் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஊர் பெருத்துக்கொண்டே வந்தது. பொட்டலாகத்தானே கிடக்கிறது, இங்கேயே புதுத் தெருக்களைப் போட்டுவிடலாம் என்று ஊரார் முடிவு செய்து, தலைக்கொத்தன் சடையாண்டியை அனுப்பினார்கள். அவன் முளைக்குச்சிகளும் அளவுக் கயிறுமாக வந்து இறங்கினான்.

கொக்கும் நாரையும் வேறு ஏரி தேடிப் பறந்தன. குருவியையும் கூப்பிட்டன. அது போகவில்லை. சடையாண்டியிடம் போய், இது தண்ணீரின் இடம், மேட்டுப் பக்கம் கட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தது. மேடு கல்லாங்காடு, கடைக்கால் தோண்டவே ஒரு வருடம் ஆகும், வீடில்லாத சனம் அதுவரை எங்கே போகும் என்று அவன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான்.

"இங்கே கட்டினால் அந்தச் சனம் தண்ணீருக்குள் அல்லவா குடியிருக்கும்?" என்றது குருவி.

"எங்கே தண்ணீர்?" என்று அவன் வெடிப்பைக் காட்டினான்.

அன்று பிற்பகலே கருவேல மரம் வெட்டுப்பட்டது. கூடும் போயிற்று. குருவிக்கோ முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. அது அளவுக் கயிற்றின் ஓரமாகவே நடந்து போய், முதல் கடைக்கால் தோண்ட வேண்டிய இடத்தில், வெறுந்தரையில், சரளைக்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகளை இட்டு மேலே உட்கார்ந்துகொண்டது.

அடைகாக்கும் பறவையை எழுப்பிவிட்டாலோ, அது அடைகாக்கும் நிலத்தில் வேறெங்காவது கடைக்கால் போட்டாலோ வீடு விளங்காது என்பது கொத்தர்களின் நம்பிக்கை. கடப்பாரையோடு வந்த ஆட்கள் தயங்கினார்கள். இந்த வெயிலில் வெந்து சாகப் போகிறாயா என்று சடையாண்டி குனிந்து கேட்டான்.

"பொரிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். பொரித்தபின் அடுத்த கடைக்காலில் இடுவேன்" என்றது அது.

சொன்னபடியே செய்தது. முதல் ஈட்டுக் குஞ்சுகள் ஓடத் தொடங்கியதும், அடுத்த கடைக்காலுக்கான இடத்தில் இரண்டாம் ஈடாக நான்கு முட்டைகளை இட்டது. யார் வந்தாலும் அவர் தலைக்கு மேல் பறந்து கத்தியது. கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போயிற்று. கண்ணோரம் சிவந்து தடித்தது. ஆட்கள் வேலையில்லாமல் கரையில் காத்துக் கிடந்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் ஏரி நிறைந்துவிட்டது. இரண்டாம் ஈட்டு முட்டைகள் நான்கும் தண்ணீரோடு போயின. முளைக்குச்சி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஊரே கரைமேல் நின்று பார்த்தது. தன் பிள்ளைகளுக்கென்று அளந்து வைத்த மனை எங்கே இருந்தது என்று சடையாண்டிக்குத் தெரியும். அங்கே இப்போது இரண்டாள் ஆழம்.

மழை விட்டதும் அவன் கல்லாங்காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போனான். மழைத்தண்ணீர் ஏரிக்கு இறங்க வாய்க்கால் விட்டார்கள். மேட்டில் தெருக்கள் மெல்ல எழுந்தன. கரையில் ஒரு மரம் நட்டு, அதில் குடியேறும்படி குருவியை வேண்டிக்கொண்டான்.

"வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அடுத்துக் கயிறு கொண்டு வருகிறவர் பார்த்திருக்க மாட்டாரே" என்று சொல்லிவிட்டுக் குருவி தரையிலேயே நடந்து போயிற்று.

அன்று முதல்தான் அந்தப் பறவை மரத்தில் அடைவதில்லை. நீரோரத்து வெறுந்தரையில் முட்டையிட்டு, தூரத்தில் ஓர் ஆள் தலை தெரிந்தாலும் ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு எழும்புகிறது.