வட்டியில்லாக் கடன்

முன்னொரு காலத்தில் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடும், அந்தப் பக்கம் அதன் பகைநாடும் இருந்தன. இந்தப் பக்கத்து அரசருக்கு ஒருநாள் காலையில் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. கடன்பட்டவன் காசுக்காக இரகசியத்தை விற்றுவிடுவான். ஆகவே கடன் உள்ள எவரும் ஆலோசனை மண்டபத்தின் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று ஆணையிட்டுவிட்டார்.

யோசனையை அவர் காதில் போட்டவர் பிரதானி விருப்பராயர். மண்டபத்துச் சாவி விகடகவி மருதநம்பியிடம் இருந்தது அவருக்கு வெகுநாளாகவே உறுத்தல். மருதநம்பி மகள் கல்யாணத்துக்காக எண்ணெய்ச் செட்டியாரிடம் கடன் வாங்கியது ஊருக்கே தெரியும்.

"மகாராஜா, முதல் கடனாளி இதோ நிற்கிறார்" என்றார் பிரதானி.

மருதநம்பி முன்னால் வந்தான். "உண்மைதான் மகாராஜா. மாதந்தோறும் அடைத்து வருகிறேன்."

"ஆணை ஆணைதான். இன்று மாலை வாசலுக்கு வெளியே நின்று அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்று. பிறகு சாவியைப் பிரதானியிடம் ஒப்படைத்துவிடு."

மாலையில் அரசர் வந்தார். மருதநம்பி கையை நீட்டி வழியை மறித்தான்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. ஏரிக்கரை கட்ட வணிகர்களிடம் வாங்கிய பொன் இன்னும் பாக்கி இருக்கிறது."

அரசர் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த அமைச்சர்களும் தத்தம் கடனை நினைத்துப் பின்வாங்கினார்கள்.

பிரதானி மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் எவருக்கும் சல்லிக்காசு தர வேண்டியதில்லை. ஆண்டவன் மேல் ஆணை!" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

மருதநம்பி உடனே பறையடிப்பவனைக் கூப்பிட்டான். "ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும் அல்லவா? பிரதானி கடனற்றவர் என்று தெருவில் அறிவித்துவிடு. இனி அவரிடம் பாக்கி கேட்டு வருபவனுக்குப் பொய்வழக்குக்கான தண்டனை என்றும் சொல்!"

பறைச் சத்தம் கடைவீதியைத் தாண்டுவதற்குள், லாயத்துக்குக் குதிரை விற்க வந்திருந்த வியாபாரி ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"ஐயையோ, என் பணம் போச்சே! மூட்டை மூட்டையாப் பொன் குடுத்திருக்கேனே சாமி! இல்லேன்னு சத்தியம் பண்ணிட்டாரா?"

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பிரதானியின் முகம் வெளுத்தது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மருதநம்பியும் சிரித்துக்கொண்டே கேட்டான்: "அத்தனை பொன்னுக்கு வட்டி எவ்வளவு ஐயா?"

"வட்டியா? வட்டியே வாங்கலைங்களே..." என்று சொல்ல வந்தவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மருதநம்பியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. வட்டி வாங்காத வியாபாரி உண்டா? வேறு எதையோ அல்லவா வாங்கியிருக்கிறான்! இவன் மலைக்கு அந்தப் பக்கமும் குதிரை விற்பவன் என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

அரசருக்கும் வந்தது. "விருப்பராயரே, வட்டிக்குப் பதிலாக இவனுக்கு என்ன கொடுத்தீர்?"

பிரதானி அரசரின் காலில் விழுந்தார். "ஒரே ஒரு முறைதான் மகாராஜா... நம் படை கணவாயைக் கடக்கும் நாளை மட்டும்தான் சொன்னேன்..."

அந்தக் கணவாயில் பகைவர் பதுங்கியிருந்து தாக்கியதில்தான் அரசரின் தம்பி மாண்டுபோயிருந்தார். அரசர் வாசலுக்கு வெளியே, வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரதானியின் வேடத்தைக் கலைக்க ஒரு சின்னக் கடன் அகப்பட்டால் போதும் என்றுதான் மருதநம்பி நினைத்திருந்தான்.

காவலர் பிரதானியையும் வியாபாரியையும் இழுத்துச் சென்றபின் அரசர் எழுந்தார். "கடனை ஒளிக்காமல் சொன்னவனை வெளியே நிறுத்தினேன். ஒளித்தவனை உள்ளே விட்டேன். அந்த ஆணை இன்றோடு ஒழிந்தது. இனி யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகே உள்ளே விடு. உன் கடனை அரண்மனை தீர்க்கும்."

மருதநம்பி பதறிக் கைகூப்பினான். "பரிசா, கடனா மகாராஜா? கடன் என்றால் தயவுசெய்து வட்டி போட்டுவிடுங்கள்!"

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "பரிசுதான், போ!" என்று, அவன் ஒப்படைக்க நீட்டிய சாவியை அவன் கையிலேயே திருப்பி அழுத்தினார்.