மாப்பிள்ளை ஷூவுக்கு இன்று ஓய்வு

அவரைக்குறிச்சியில் அங்கப்பன், ஒச்சப்பன், பெரியான் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஒருத்தனிடம் ஒரு வேலையைச் சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து கெடுப்பார்கள். அவ்வளவு ஒற்றுமை!

மூத்தவன் அங்கப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பவளக்கொடி, தாய்மாமன் வீரணனின் மகள். மாமன் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மருமகனுக்கு ஒரு ஜோடி தோல் ஷூவும், தாலியை வைத்து ஒரு தோல் பையும் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கடுதாசி.

‘வெயிலில் வைக்காதே. மெத்தென்ற துணியால் துடை. உருவம் கெடாமல் உள்ளே காகிதம் அடைத்து வை. ஒருநாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடு. முகூர்த்தத்தன்று ஒரு கீறல் இருந்தாலும் பெண் கிடையாது. ஒரு ஷூவைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என் மகளை எப்படிப் பார்த்துக்கொள்வான்?’

அங்கப்பன் கடுதாசியை மூன்று தடவை படித்தான். பவளக்கொடி என்றால் அவனுக்கு உயிர்.

வீடு முழுக்கத் தேடியதில் மெத்தென்று இருந்தது ஒரே துணிதான், அவனுடைய கல்யாணப் பட்டுச் சட்டை. அதை வைத்துத் துடைத்தார்கள். ஷூ பளபளத்தது, சட்டை கறுத்தது.

காகிதத்துக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. ஊருக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை முந்நூறும் அப்படியே இருந்தது. ஷூவிலும் பையிலும் கசக்கி அடைத்தார்கள். அதனால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இந்த மூன்று பேரைத் தவிர யாருக்கும் அழைப்பில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், அளவு சரியா என்று பார்க்க அங்கப்பன் ஷூவைப் போட்டு வாசல் வரை நடந்தான். பெரியான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே போனான்.

“ஐயையோ! ஷூவைப் போட்டுட்டியேண்ணே!” என்று ஒச்சப்பன் தலையில் கை வைத்தான். “அப்ப நாளைக்கு ஓய்வுல்ல?”

“ரெண்டு நிமிஷந்தானடா போட்டேன்?”

“கடுதாசியில நிமிஷக் கணக்கு இருக்கா? போட்டா போட்டதுதான். பையும் தோள்ல ஏறிருச்சு, அதுக்கும் ஓய்வு.”

“நாளைக்குக் கல்யாணமாச்சேடா!”

“கல்யாணம் நமக்குத்தானே? ஷூவுக்கா?”

நியாயம்தான் என்று அங்கப்பன் ஷூவைக் கழற்றினான்.

“ஆனா கீறல் இல்லைன்னு மாமாகிட்ட காட்டணுமே?” என்றான் பெரியான். அதுவும் நியாயம். படுத்த மேனிக்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவானது.

மறுநாள் காலையில் கயிற்றுக் கட்டிலில் தலையணை போட்டு ஷூவையும் பையையும் படுக்க வைத்தார்கள். வெயில் படாமல் வெள்ளை வேட்டியால் போர்த்தினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தன். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று பேசாமல், தலையைக் குனிந்துகொண்டு தூக்கிப் போனார்கள்.

வழியில் டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். சைக்கிளில் வந்தவர் இறங்கிக் கும்பிட்டார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு அம்மா, “போயிட்டீகளா!” என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். பெரியானும் கூடச் சேர்ந்து அழுதான்.

“நீ ஏண்டா அழுவுற?”

“அவங்க அழுவும்போது நாம சும்மா போனா நல்லாவா இருக்கும்?”

கல்யாண மண்டபத்து வாசலில் மேளம் நின்றது. வீரணன் ஓடி வந்தார்.

“அடப்பாவிகளா, யாருடா போயிட்டது?”

“மெதுவா, மெதுவாப் பேசுங்க மாமா. யாரும் போகல. ஓய்வு” என்றான் அங்கப்பன், கறுத்த பட்டுச் சட்டையில்.

மாமன் வேட்டியை உருவினார். பையைத் திறந்து, கசங்கிய பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து தாலியை எடுத்தார். “எழுப்பிட்டாரே!” என்று மூன்று பேரும் பதறினார்கள். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை! சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்.

“வந்து தொலை” என்று மருமகனை உள்ளே தள்ளினார்.

புரோகிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லா மாப்பிள்ளைக்கும் சொல்வதைச் சொன்னார்: “செருப்பைக் கழற்றிட்டு மணையில உட்காருங்க.”

அங்கப்பன் தன் வெறுங்காலைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

“உட்காரேண்டா!” என்றார் மாமன்.

“கழற்றிட்டு உட்காரச் சொல்றாரே மாமா. போட்டாத்தானே கழற்ற முடியும்?”

“அண்ணன் சொல்றது சரிதானே?” என்றான் ஒச்சப்பன்.

நேரம் ஓடியது. பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். வீரணனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலுக்கு ஓடித் தன் செருப்பைக் கொண்டுவந்து மருமகன் காலடியில் போட்டார். “போட்டுக் கழற்றுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

அங்கப்பன் போட்டான். போட்டது போட்ட மாதிரி இருக்க வேண்டுமே என்று நாலடி நடந்தான். கழற்றினான். திருப்தியாக உட்கார்ந்து தாலியைக் கையில் எடுத்தான்.

அப்போது பவளக்கொடி மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

மண்டபமே திகைத்தது. அங்கப்பனுக்கு உயிர் போய்விட்டது. “அம்மா, மானத்தை வாங்காதே, உட்காரும்மா” என்று வீரணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அது எப்படிப்பா உட்கார முடியும்?” என்றாள் பவளக்கொடி. “நானும் வெறுங்காலோடதான் வந்து உட்கார்ந்திருக்கேன். அந்தச் செருப்பை இப்படித் தள்ளுங்க, போட்டுக் கழற்றிட்டு வர்றேன்.”