கடலைச் சூடாக்கியவன்

பவளத்துறை என்ற கடற்கரை நாட்டை இளஞ்சேந்தன் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்வார்.

ஒரு கோடையில் வெக்கை தாங்காமல் அவர் கடலில் குளிக்கப் போனார். குளிர்ச்சியை எண்ணிக் கழுத்தளவு இறங்கியவருக்கு, யாரோ குளிக்க விளாவி வைத்த வெந்நீருக்குள் இறங்கியதுபோல் இருந்தது. இறங்கும்போது வியர்த்ததைவிட அதிகமாக வியர்த்துக் கரையேறினார். கரை நெடுக மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. அரண்மனையில் கொஞ்ச காலமாக ஏன் கத்தரிக்காய்க் குழம்பே வருகிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அன்றைக்கே அவை கூடியது.

"என் கடலைச் சூடாக்கியவன் யார்?" என்றார் அரசர்.

சுங்கத் தலைவர் விழுப்பரையர் முன்னால் வந்தார். கடற்கரையில் காற்று வாங்க ஒரு மாளிகை கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவர் கண் வைத்திருந்த இடத்தில் மீனவர் குப்பம் இருந்தது.

"அரசே, குப்பத்துப் பெண்கள் கரையில் அடுப்பு மூட்டி கடலடியில் பொறுக்கிய கடலட்டைகளை அண்டா அண்டாவாக அவிக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரைக் கடலில்தான் கொட்டுகிறார்கள். பிறகு கடல் சுடாமல் என்ன செய்யும்?"

"குப்பத்தைக் காலி செய்யுங்கள்" என்றார் அரசர்.

மீன் செத்ததை முறையிட வந்திருந்த குப்பத்துப் பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சாமி, கடலையே காய்ச்சணும்னா எங்க அடுப்புக்கு விறகு ஏது? வீட்டுச் சோறே பாதி நாள் அரைவேக்காடு. மீனும் இல்லாம, வீடும் இல்லாம புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நாங்க எங்க போவோம்?"

அவையில் வழக்குகளை எடுத்துரைப்பவன் தத்தன். அவன் எழுந்தான். "அரசே, நாளை உச்சிவேளை வரை பொறுங்கள். குற்றவாளி யாரென்று தங்கள் வாயாலேயே சொல்லிவிடுவீர்கள்."

"சொல்லாவிட்டால்?"

"குப்பத்தோடு சேர்த்து என் வீட்டையும் காலி செய்துவிடுங்கள்."

மறுநாள் விடிந்ததும் தத்தன் பேச்சியின் கணவனோடு படகில் போனான். கடல் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. துடுப்புப் போட்டே போக வேண்டியிருந்தது. அடுப்புப் புகை கண்ணுக்கே தெரியாத தூரத்திலும் தண்ணீர் அதே சூடுதான். வாயடைத்த ஒரு குடத்தில் கல்லைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி, அங்கே அடைப்பை இன்னொரு கயிற்றால் இழுத்துத் திறந்து, தண்ணீரை மொண்டு ஏற்றினான். கையை விட்டவன் முதல்முறையாகச் சிரித்தான்.

அன்று உச்சிவேளை. அவை நிறைந்திருந்தது. தத்தன் ஒரு கிண்ணம் சூடான கஞ்சியைக் கொண்டுவந்து சிம்மாசனத்தின் அருகில் வைத்தான். பிறகு விசிறி வீசுபவர்களைப் பார்த்துத் தலையசைத்தான். விசிறிகள் நின்றன.

கொஞ்ச நேரத்தில் அரசரின் பட்டு மேலாடை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏன் இப்படிப் புழுங்குகிறது?" என்றார்.

"இந்தக் கஞ்சியால்தான் அரசே. ஆவி பறக்கிறது பாருங்கள். கிண்ணத்தைச் சிறையில் அடைக்கலாமா?"

"உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? ஒரு கிண்ணம் கஞ்சி இவ்வளவு பெரிய மண்டபத்தைச் சூடாக்குமா? வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே காற்று நின்றுவிட்டது. அதுதான் காரணம்."

"தீர்ப்பைத் தாங்களே சொல்லிவிட்டீர்கள் அரசே. கடலுக்கும் அதேதான்" என்றான் தத்தன். "வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் நாளெல்லாம் மேல்தண்ணீரைக் காய்ச்சுகிறது. வெளிக்கடலிலிருந்து ஒரு வெந்நீரோட்டம் வேறு உள்ளே வந்து தங்கிவிட்டது. எப்போதும் காற்று வீசிச் சூட்டைத் தணிக்கும், அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீரைக் கிளறி மேலே ஏற்றும். இந்தக் கோடையில் காற்று வேலைக்கே வரவில்லை."

குடத்தை நீட்டினான். அரசர் கையை விட்டார். தண்ணீர் சில்லென்றிருந்தது. அந்தக் கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டார்.

விழுப்பரையர் விடவில்லை. "குற்றவாளியைக் கொண்டுவரச் சொன்னார் அரசர். எங்கே உன் காற்று? கொண்டுவா பார்ப்போம்."

"தலைமறைவாகிவிட்டது ஐயா. தேடிப் பிடிக்கப் பெரிய அதிகாரி ஒருவர் போனால் நல்லது. காற்று வாங்குவதில் தங்களைவிட ஆர்வம் உள்ளவர் இங்கே யார்?"

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியான ஆள். விழுப்பரையரே, புறப்படும்."

பேச்சியும் குப்பத்தாரும் அவரை ஒரு பாய்மரப் படகில் ஏற்றி, கட்டி இழுத்துப் போய்க் கடல் நடுவில் நங்கூரமிட்டு விட்டுவந்தார்கள். துடுப்பு வைக்கவில்லை. அதெல்லாம் காற்று கிடைத்தால் தேவைப்படாது என்றாள் பேச்சி. சாப்பாடு மட்டும் தவறாமல் போயிற்று, அவித்த கடலட்டையோடு.

பல நாள் கழித்து ஒரு மாலை வானம் கறுத்தது. காற்று சுழன்றடித்தது. கடல் கலங்கிக் குளிர்ந்தது. நங்கூரக் கயிறு அறுந்து, பாய் புடைக்க விழுப்பரையரின் படகு கரையில் வந்து முட்டியது. முகம் கறுத்து, வெறுந்தலையோடு அரசர் முன்னால் வந்து நின்றார்.

"குப்பத்தார் தங்கள் இடத்திலேயே இருக்கட்டும்" என்று அறிவித்த அரசர், அவரைப் பார்த்துக் கேட்டார். "குற்றவாளி எங்கே?"

விழுப்பரையர் தலையைத் தடவிக்கொண்டார்.

"பிடித்துவிட்டேன் அரசே. ஆனால் அவன் என் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டான்."