மூன்றாம் வகுப்பும் ஒரு கற்கண்டும்

"இங்கிலீஷ் விதியெல்லாம் பிள்ளைங்க தலைகீழா ஒப்பிக்கிறாங்க டீச்சர். வாசிக்கத்தான் வரமாட்டேங்குது."

சூசைராஜ் வாத்தியார் இதைச் சொல்லும்போது குரலில் பாதி காற்றாகப் போயிற்று. தொண்டை கட்டி மூன்று நாளாகிறது. காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் கத்தினால் எந்தத் தொண்டைதான் தாங்கும்?

எதிரே நின்றது ரஹ்மத் டீச்சர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். வாத்தியாரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனால் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லித் தருவதில் அந்த வட்டாரத்துக்கே அவர்தான் குரு. அவர் வகுப்புப் பொடிசுகள் ரோட்டில் போகிற லாரியின் முதுகைக்கூட விடாமல் வாசித்துவிடும்.

ஐம்பத்தொரு வயது மனுஷன் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மொபெட்டில் ஏழு கிலோமீட்டர் வந்திருக்கிறார். சும்மா வருவாரா?

அன்று திங்கட்கிழமை. காலையில் முத்துப்பேச்சி வந்து ஒரு போடு போட்டுவிட்டுப் போயிருந்தாள். அவள் மகள் மதுநிஷா வாத்தியாரின் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். முத்துப்பேச்சிக்குத் தோட்ட வேலை. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே.

"முந்தாநாள் ஆமைப் படத்தை விரிச்சு வச்சு கடகடன்னு வாசிச்சா சார். பெருமையா இருந்துச்சு. நேத்து யானைப் படத்தை விரிச்சு வச்சு வாசிச்சா. அதே வாசகம். ஒரு சொல்லு மாறல."

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். நான் காட்டுறதை எம்பிள்ளை வாசிக்கணும். இல்லேன்னா டிசியைக் குடுத்துருங்க. டவுன்ல சேத்துக்கிறேன்."

போகிறவள் போனால் போகிறாள் என்று விட்டுவிடலாம். ஆனால் மதுநிஷாதான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுக்கே வராது என்றால் மற்ற பதினெட்டுப் பேருக்கு என்ன வரும்? இருபத்தாறு வருஷமாக நான் என்னதான் செய்தேன்? இந்தக் கேள்வி வாத்தியாரைச் சோறு தின்ன விடவில்லை.

"எப்படிச் சொல்லித் தர்றீங்க சார்?" என்றார் ரஹ்மத் டீச்சர்.

கட்டின தொண்டையோடு வாத்தியார் பாடிக் காட்டினார். கைதட்டலோடு.

"எஸ்ஸும் ஹெச்சும் கூட்டுச் சேந்தா ஷ் ஷ் ஷ். சிஹெச் ரெண்டும் கூட்டுச் சேந்தா ச் ச் ச். இப்படி முப்பத்தெட்டு இருக்கு டீச்சர். எல்லாமே என் சொந்த மெட்டு."

"நல்லா இருக்கே. பலகையில ஒரு வார்த்தை எழுதினா, யாரு முதல்ல வாசிக்கிறது?"

"இது என்ன கேள்வி? நான்தான். நான் சொல்லுவேன், பிள்ளைங்க திருப்பிச் சொல்லுவாங்க. ஊரே கேக்கும்."

ரஹ்மத் டீச்சர் கைப்பையைத் திறந்தார். நெல்லிக்காய் பருமனில் ஒரு பனங்கற்கண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கு வார்த்தையை எழுதினதும் இதை வாயில போட்டுக்குங்க. கரையிற வரைக்கும் பேசக்கூடாது."

"தொண்டைக்கா டீச்சர்?"

டீச்சர் அதற்குள் பிள்ளைகளை வேனில் ஏற்றப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் ஒரு வார்த்தையை எழுதினார். கற்கண்டை வாயில் போட்டார். வகுப்பு கப்சிப். கால் நிமிஷம் போயிற்று. அரை நிமிஷம் போயிற்று.

கடக். முடக். கடித்து விழுங்கிவிட்டு வார்த்தையைச் சொன்னார். பத்தொன்பது பேரும் ஓடு பறக்கத் திருப்பிச் சொன்னார்கள்.

சாயங்காலம் மறுபடியும் ஏழு கிலோமீட்டர்.

"தொண்டை தேவலை டீச்சர். பிள்ளைங்கதான் அப்படியே இருக்காங்க."

"கடிச்சீங்களா?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "அரை நிமிஷம் ஒருத்தரும் வாயே திறக்கல. பாவமா இருந்துச்சு. மனசு கேக்கல."

இன்னொரு கற்கண்டு கைக்கு வந்தது.

"கடிக்காதீங்க."

அவ்வளவுதான். வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதற்கா பெட்ரோல் ஊற்றி வந்தேன், எங்க ஊர் மளிகைக் கடையில் கிடைக்காத கற்கண்டா என்று வழி முழுக்க மொபெட்டோடு பேசிக்கொண்டே போனார்.

ஆனாலும் புதன்கிழமை எழுதினார். பாடத்தில் இல்லாத வார்த்தையாகப் பார்த்து எழுதினார். கற்கண்டைப் போட்டுக்கொண்டார். கடிக்கவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஃபேன் மட்டும் கிறீச் கிறீச் என்றது. வாத்தியாருக்கு நாக்கு துறுதுறுத்தது. இடப்பக்கம் நகர்ந்தார். பிள்ளைகளின் கண்ணும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் போனார். அதுவும் கூடவே வந்தது.

அப்போதுதான் பார்த்தார்.

பலகையை ஒரு பிள்ளை பார்க்கவில்லை. பத்தொன்பது ஜோடிக் கண்ணும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடப்பாவி மனுஷா, என்று தன்னையே திட்டிக்கொண்டார். வாய் திறக்க வழியில்லை, மனசுக்குள்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். வாயை மூடிக்கொண்டார்.

கண்களுக்குப் போக்கிடம் இல்லை. ஒன்றொன்றாகப் பலகைக்குத் திரும்பின.

"ஸ்" என்றாள் ஒருத்தி.

"ஸ் இல்லடி, பக்கத்துலயே ஹெச் நிக்குதுல்ல."

"நின்னா?"

"அதுக்குத்தான தெனமும் கையத் தட்டிக்கிட்டு ஷ் ஷ் ஷ்னு கத்துன?"

அந்தப் பெண் தன் கையையே பார்த்துக்கொண்டாள். அந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குமென்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. வகுப்பு பெஞ்சை விட்டு எழுந்து பலகைக்கு வந்துவிட்டது. மதுநிஷா முட்டி மோதி முன்னால் வந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே விரலை வைத்தாள்.

"ஷ்... எ... ட். ஷெட்."

"ஷெட்டா? எங்க மாமா ஆட்டோ விடுற ஷெட்டா?"

"அதேதான்டா."

இங்கிலீஷ் என்பது மாமா ஆட்டோ விடுகிற இடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொண்ணு எழுதுங்க சார், இன்னொண்ணு எழுதுங்க சார் என்று வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். வாத்தியார் எழுதினார். மணி அடித்தபோது சாக்பீஸ் நகக்கண் அளவு மிஞ்சியிருந்தது.

மொபெட் அன்று பறந்தது.

"எட்டு வார்த்தை டீச்சர். எட்டு. நான் ஒண்ணுகூடச் சொல்லல." சந்தோஷத்தில் மனுஷனுக்கு மூச்சு வாங்கியது. கையை நீட்டினார். "வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒண்ணு குடுங்க."

"தொண்டைதான் சரியாயிருச்சே சார். எதுக்கு?"

நீட்டின கையை வாத்தியார் மடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல் மணிக்கே முத்துப்பேச்சி வாசலில் நின்றாள். இடுப்பிலிருந்து காலியான விதைப் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். மேல்பாதியைக் காணோம்.

"இது தோட்டத்துல விதைச்சது சார். படத்தை வெட்டிட்டேன். இருந்தா, அதைப் பாத்துச் சொன்னாலும் சொல்லிருவா."

தாயா, சோதனை அதிகாரியா?

மதுநிஷா பாக்கெட்டை வாங்கினாள். எழுத்தைப் பார்த்தாள். பழக்கம் விடுமா, நிமிர்ந்து வாத்தியாரையும் பார்த்தாள்.

நின்ற இடத்திலிருந்தே வாத்தியாருக்குப் பாக்கெட்டில் இருந்த எழுத்து தெரிந்தது. சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. சத்தம்கூட வேண்டாம். உதட்டை லேசாக அசைத்தால் போதும். மதுநிஷா கப்பென்று பிடித்துக்கொள்வாள். முத்துப்பேச்சிக்குத் தெரியவும் தெரியாது. பிள்ளையும் போகாது, மானமும் போகாது.

வாத்தியார் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

முதுகுக்குப் பின்னால் பாக்கெட் சரசரத்தது.

"ர்..."

வாத்தியார் கண்ணை இறுக மூடினார்.

"ரே... டி... ஸ்... ஹ்..."

போச்சு, என்று நினைத்தார். கர்த்தரே, என்றும் நினைத்தார்.

"இல்ல இல்ல. இது ரெண்டும் கூட்டு. ஷ்." மதுநிஷா முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ரே... டிஷ். ரேடிஷ்."

வகுப்பே மூச்சு விட்டது.

முத்துப்பேச்சி மகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தான் விதைத்தது முள்ளங்கி என்பது மட்டும்தான். "சார், இவ சொன்னது சரிதானா?"

வாத்தியார் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தார்.

"சாரை ஏம்மா கேக்குற?"

மதுநிஷா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தாள். மண் ஏறின அந்த ஆள்காட்டி விரலை எடுத்து முதல் எழுத்துக்குக் கீழே வைத்தாள்.

"எழுத்து இங்கதான இருக்கு. பாரு."

முத்துப்பேச்சி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ர்..." என்றாள்.